சாவித் துணி அடிக்கும் மெஷினுக்கு விலை பேசப் போனது

ஆப்பிரிக்கப் பெண்கள் உடுத்தும் பூப்போட்ட துணி லண்டனில் அச்சாகிறது என்று தவராசா எழுதியபோது நான் நம்பவில்லை. ஈரோட்டில் பெட்ஷீட் அச்சாவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆறு இருக்கிறது, வெயில் இருக்கிறது, எங்களுக்கு வேறு வேலையும் தெரியாது. லண்டனில் இந்த மூன்றில் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த கடிதத்தில், அந்தத் தொழிற்சாலையில் ஒரு மெஷின் விலைக்கு வருகிறது, நேரில் வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டிருந்தான்.

என் மனைவியின் தம்பி பழனிசாமியும் நானும் சேர்ந்துதான் பிரிண்டிங் பட்டறை நடத்துகிறோம். அவன் கடிதத்தைப் படித்துவிட்டு, "போய்ப் பார்த்துட்டு வாங்க மாமா. பார்க்கறதுக்குக் காசா?" என்றான். பார்ப்பதற்குத்தான் காசு என்பது டிக்கெட் எடுக்கும்போது தெரிந்தது.

தவராசா யாழ்ப்பாணத்துக்காரன். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து எங்கள் பட்டறையில் இரண்டு வருடம் வேலை பார்த்தான். ஒருநாள் சம்பளம் வாங்கிக்கொண்டு போனவன், பல மாதம் கழித்து லண்டனில் இருந்து கடிதம் போட்டான். இடையில் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தான் என்று அவன் எழுதவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

விமான நிலையத்துக்கு அவனே வந்திருந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். கையில் எனக்கென்று ஒரு கோட்டு வைத்திருந்தான்.

"போடுங்கோ அண்ணை, வெளியிலை குளிர்."

அக்டோபர் மாதம்தானே, அதற்குள் என்ன குளிர் என்றேன். கதவு தானாகத் திறந்தது. கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அவன் குடியிருக்கும் இடத்தின் பெயர் மிச்சம். தமிழர்களுக்கு இப்படி ஒரு ஊர் வாய்த்ததைப் பற்றி அங்கே யாரும் சிரிப்பதாகத் தெரியவில்லை. வந்த புதிதில் சிரித்து முடித்திருப்பார்கள். மாடியில் ஓர் அறை அவனுக்கு. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவன் தரையில் படுத்துக்கொண்டான். கீழே சமையலறை நாலு பேருக்குப் பொது. நாலு பேருக்கும் நாலு விதமான ஷிப்ட் என்பதால் அடுப்பு ஆறுவதே இல்லை.

அன்று மாலை புட்டு அவித்தான். எங்கள் வீட்டில் புட்டு என்றால் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து தருவார்கள். இவன் மீன் குழம்பை ஊற்றினான். இதையெல்லாம் சாப்பிடத்தானா கடல் தாண்டி வந்தோம் என்று ஆரம்பித்து, மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"எந்த மெஷினப்பா விக்கறாங்க?"

"நான் நிக்கிற மெஷின்தான் அண்ணை."

"அதை வித்துட்டா உனக்கு வேலை?"

"என்னையும் நிப்பாட்டிப் போடுவினம். அந்த மெஷினுக்கெண்டுதானே என்னை எடுத்தவை."

அவன் மனைவி பவானியும் இரண்டு பெண் குழந்தைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். இவனுக்கு இங்கே வேலை இருக்கிறது, குடும்பம் தங்க இடம் இருக்கிறது, அரசாங்கத்திடம் பெனிபிட் என்கிற உதவிப் பணம் கேட்காமல் வைத்துக் காப்பாற்றுவான் என்று காட்டினால்தான் அவர்கள் வர முடியும். வேலை போய்விட்டால் எல்லாவற்றையும் திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"அப்புறம் எதுக்கப்பா எனக்கு எழுதினே? நான் வாங்கிட்டா உன் கதி?"

தவராசா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினான். "நீங்கள் வாங்கமாட்டீங்கள் அண்ணை" என்றான்.

"ஏன் வாங்கமாட்டேன்?"

"எனக்குத் தெரியும்தானே. பட்டறைக்கு ஒரு தராசு வாங்க எத்தினை மாதம் கடை கடையாப் பாத்தனீங்கள்? கடைசியிலை பழைய தராசுக்கே வெல்டிங் வைச்சனீங்கள்."

அது உண்மைதான். ஆனால் அது நல்ல தராசு.

அவன் போட்ட திட்டம் இதுதான். கம்பெனிக்கு ஆர்டர் குறைந்துவிட்டது, மெஷினை விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். வடக்கே ஏதோ ஊரில் இருந்து ஒருவர் வந்து பார்த்தால் அன்றைக்கே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அதனால் தவராசா மேனேஜரிடம் போய், இந்தியாவில் இருந்து பெரிய பார்ட்டி ஒருவர் வருகிறார், அவர் பார்க்கும்வரை வேறு யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறான். அதற்குள் கானாவில் இருந்து அஜோவா என்ற வியாபாரி அம்மாள் வந்துவிடுவார். வருடத்துக்கு இரண்டு முறை அவர் வந்து கொடுக்கிற ஆர்டரில்தான் அந்த மெஷின் ஓடுகிறது. அவர் இந்த முறையும் கொடுத்துவிட்டால் விற்கிற பேச்சு நின்றுவிடும். அதுவரை இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க, கடைசிவரை வாங்காத ஓர் ஆள் தேவைப்பட்டது. உலகம் முழுக்க யோசித்துப் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வியாபாரியைப் பார்த்து இதைவிடக் கேவலமாக என்ன சொல்லிவிட முடியும்? மெஷின் நன்றாக இருந்தால் வாங்கியே தீருவது என்று சாப்பிட்ட கை காய்வதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் அவன் காலை ஷிப்டுக்கு எனக்கு முன்பே போய்விட்டான். நான் ஏற வேண்டிய பஸ் நம்பரைச் சொல்லிவிட்டுத்தான் போனான். எந்தப் பக்கம் போகிற பஸ் என்று சொல்லவில்லை. ஈரோடு பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர்ப் பேரைக் கூவிக் கூவியே ஆளை ஏற்றிவிடுவார். அந்த ஊருக்குப் போகாதவன்கூட ஏறிவிடுவான். இங்கே யாரும் எதையும் கூவுவதில்லை. டிரைவரிடம் காசைக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய் உட்கார்ந்தேன்.

அடுத்த சீட்டில் ஓர் ஆப்பிரிக்க அம்மாள் உட்கார்ந்திருந்தார். மேலே கம்பளிக் கோட்டு, கோட்டுக்குக் கீழே மஞ்சளும் நீலமுமாகத் துணி. அந்த நீலம் மஞ்சளை விட்டு ஒரு நூல் தள்ளி விழுந்திருந்தது. இப்படி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதற்கப்புறம் வேறு எதையும் என்னால் பார்க்க முடியாது. லண்டன் மாநகரம் ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர், என் துணியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை, உங்கள் நீலம் விலகியிருக்கிறது என்றேன். அவர் எழுந்து பின்னால் காலியாக இருந்த சீட்டுக்குப் போய்விட்டார்.

பஸ் என்னை ஸ்ட்ரெதமில் கொண்டுபோய் விட்டது. கடைவீதியில் தமிழ் எழுத்தைப் பார்த்து ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்து வழி கேட்டேன்.

"நீங்கள் எதிர்ப்பக்கம் நிண்டு பஸ் எடுத்திருக்க வேணும்" என்றார் கடைக்காரர். "இந்தியாவோ? எவடம்?"

"ஆமாங்க. ஈரோடு."

அவருக்கு ஒரே சந்தோஷம். அலமாரியில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, "உங்கடை ஊர் மஞ்சள்" என்று நீட்டினார். முகர்ந்து பார்த்தேன். எங்கள் ஊர் மஞ்சள் இல்லை, எங்கள் ஊர்க் கோணிப்பையில் வந்த வேறு ஊர் மஞ்சள் என்றேன். பொட்டலத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். ஆனாலும் வெளியே வந்து, நிற்க வேண்டிய நிறுத்தத்தைக் கைகாட்டிவிட்டுத்தான் போனார்.

தொழிற்சாலை வாண்டில் என்ற ஓடைக்கரையில் இருந்தது. செங்கல் கட்டடம், தகரக் கூரை. உள்ளே நுழைந்ததும் பிசினும் சாயமும் கலந்த அந்த வாசனை வந்தது, ஈரோட்டில் இருப்பது போலவே. ஓடைதான் வேறு மாதிரி. தண்ணீர் தண்ணீரின் நிறத்தில் ஓடியது. நகராட்சி ஆள் திடீர் திடீரென்று வந்து, சோதிக்கப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவாராம். எங்கள் ஊரில் வாய்க்காலை எட்டிப் பார்த்தால் பக்கத்துப் பட்டறையில் இன்று என்ன கலர் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மேனேஜர் நெடுநெடுவென்று இருந்தார். கழுத்து மட்டும் சிவப்பு. தாமதமாக வந்ததற்கு நான் காரணம் சொன்னபோது, ஸ்ட்ரெதம் நல்ல இடம் என்றார். பிறகு பால் ஊற்றிய சூடான தண்ணீர் ஒரு கோப்பை கொடுத்தார். அதை அவர்கள் டீ என்கிறார்கள்.

துணிகளை எடுத்துக் காட்டினார். ஆப்பிரிக்காவில் பழைய முறையில் செய்யும்போது துணியில் மெழுகைத் தடவிச் சாயத்தில் முக்குவார்களாம். மெழுகு அங்கங்கே விரிசல் விட்டு, விரிசல் வழியாகச் சாயம் இறங்கி, துணி முழுக்க நரம்பு மாதிரிக் கோடு கோடாக ஓடும். அந்தக் கோடு இல்லாவிட்டால் அங்கே பெண்கள் கையில் எடுக்க மாட்டார்கள். இங்கே மெழுகு கிடையாது. அதனால் ஓர் ஆர்ட்டிஸ்ட் உட்கார்ந்து ஒவ்வொரு விரிசலையும் வரைகிறார். அதற்கென்றே தனியாக ஒரு ஸ்கிரீன், கலர் இறங்கும் வலைச் சட்டம். எங்கள் பட்டறையில் இப்படி ஒரு கோடு விழுந்தால் அன்று யாருக்கும் டீ கிடையாது.

அன்று ஓடிக்கொண்டிருந்த டிசைன் சாவி. உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் சாவிகள், நீலத் தரையில், சுற்றிலும் விரிசல்கள். தவராசா மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பழக்கமில்லாத பெரிய பார்ட்டியைப் பார்த்த மாதிரி தலையை ஆட்டினான்.

எங்கள் பட்டறையில் இருப்பது மேசைதான். நீள மேசையில் துணியை ஒட்டி, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் நின்று ஸ்கிரீனை வைத்து, கலரை இழுத்து, தூக்கி அடுத்த இடத்தில் வைத்து, மறுபடி இழுக்க வேண்டும். ஒரு கலர் முடிந்தால் அடுத்த கலருக்குத் திரும்ப முதலில் இருந்து வர வேண்டும். இப்படி மேசையைச் சுற்றி நடந்தே என் முழங்கால் தேய்ந்துவிட்டது. இங்கே துணி ஒரு ரப்பர் பெல்ட்டின் மேல் படுத்துக்கொண்டு தானாக வருகிறது. மேலே வரிசையாக எட்டு ஸ்கிரீன். பெல்ட் நின்றதும் எட்டும் ஒன்றாக இறங்கி, கலரை இழுத்து, ஒன்றாக எழுகின்றன. பெல்ட் நகர்கிறது. ஒரு முனையில் வெள்ளையாகப் போகிற துணி மறுமுனையில் சாவிகளோடு வருகிறது. சாவியின் பல்லில் மஞ்சள் நின்ற இடத்தில்தான் நீலம் ஆரம்பிக்கிறது. நடுவில் ஒரு நூல் இடம்கூட இல்லை. நான் குனிந்து பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், மண்டியிட்டும் பார்த்துவிட்டேன்.

எனக்குப் பிடித்துவிட்டது. சும்மா பிடித்துவிட்டது என்றால் போதாது. அந்த மெஷின் எனக்கு வேண்டும் என்று இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் ஓர் இரும்புச் சாமான் மேல் இப்படி ஆசை வருமென்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. மேனேஜர் என்ன விலை எதிர்பார்க்கிறார் என்பதைத் தவராசா முன்பே எழுதியிருந்தான். அதில் அடித்துப் பேசினால் எங்களால் வாங்கிவிட முடியும்.

திரும்பும்போது பஸ்ஸில் அவனிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "மெஷின் வந்தா நீயும் கூட வந்துரேன். ஈரோட்டுல உன்னை விட்டா யாரு ஓட்டறது?"

"ஈரோட்டுக்கோ? அகதியெண்டு மாசத்துக்கு ஒருக்கால் பொலிஸ் ஸ்டேசனிலை போய் நிண்டு கையெழுத்து வைக்கவோ அண்ணை?"

 எப்படியும் யாரோ வாங்கத்தான் போகிறார்கள், அது நானாக இருந்தால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவரை அது சரியான நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, அவன் எனக்கென்று சூடாகப் பிழிந்த இடியப்பத்தைச் சாப்பிடும்போது அவ்வளவு சரியாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னை அப்டன் பார்க் கடைவீதிக்குக் கூட்டிக்கொண்டு போனான். புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் காய்கறிக் கடைகளுமாக, கோட்டுப் போட்டுக்கொண்ட எங்கள் பக்கத்து டவுன்ஹால் வீதி மாதிரி இருந்தது. அவன் போனது குழந்தைகள் துணி விற்கும் கடைக்கு. பிள்ளைகளுக்குக் குளிர்க் கோட்டு வேண்டுமாம். விசாவே வரவில்லையே என்றேன். வந்த பிறகு வாங்கப் போனால் விமான நிலையத்தில் என்ன போடுவது என்றான். பெரியவளுக்கு உடனே எடுத்துவிட்டான். சின்னவளை அவன் பார்த்தது அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது. தொடைப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தான். கொஞ்சம் உயர்த்தினான். என்னைப் பார்த்தான். எனக்கு எப்படித் தெரியும்? இன்னும் கொஞ்சம் உயர்த்தி, அந்த உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோட்டு வாங்கினான்.  கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

அங்கிருந்த போன் கூண்டில் இருந்து பழனிசாமியைக் கூப்பிட்டேன். மெஷின் பிரமாதம் என்றேன். "முகத்துல காட்டிராதீங்க மாமா" என்றான். இதை எனக்குச் சொல்லத் தேவையில்லை. கருங்கல்பாளையம் சந்தையில் மாட்டை வாங்குகிறவன் மாட்டைப் புகழ்ந்து நான் பார்த்ததில்லை. சுழி சரியில்லை, பல் போய்விட்டது, பின்னங்கால் இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவான். விற்கிறவனும் பதறாமல் கேட்டுக்கொண்டு நிற்பான். குறை ஏற ஏற விலை இறங்கி, ஓர் இடத்தில் இரண்டும் சந்திக்கும். பிடிக்காத மாட்டை யாரும் குறை சொல்வதில்லை, பேசாமல் அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார்கள். நூலோ மாடோ வீட்டு மனையோ, எங்கள் பக்கம் எதையும் இப்படித்தான் வாங்குகிறோம்.

"நாளைக்கு அந்தக் கானா அன்ரியும் வாறா" என்றான் தவராசா வீடு திரும்பும்போது. "அவ நிக்கேக்கை நீங்கள் வாய் திறக்காமல் நிண்டால் காணும் அண்ணை."

சரி என்றேன். சொல்லும்போது அப்படித்தான் இருக்க நினைத்தேன்.

மேனேஜர் தன் நேரத்தை மிச்சம் பிடிக்க, அஜோவா அம்மாளையும் என்னையும் ஒரே வேளையில் வரச் சொல்லியிருந்தார். இரண்டு மாப்பிள்ளை வீட்டாரை ஒரே நாளில் பெண் பார்க்கக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. நான் போகும்போது அஜோவா அம்மையார் மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நல்ல ஆகிருதி. அவர் தலையில் துணி கட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் ஓர் இன்ஜினியர் வந்து கட்டிவிட்டுப் போயிருப்பார் என்று தோன்றியது. மேனேஜர் உட்பட எல்லாரும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டார்கள். அச்சாகி வந்த துணியைக் கையில் கொடுத்ததும் அவர் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு முகர்ந்தார், கசக்கினார், விரித்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. தொழில் தெரிந்தவர் என்று எனக்கு உடனே மரியாதை வந்தது.

என்னிடமும் இரண்டு வார்த்தை பேசினார். குமாசியில் அவர் சந்தையில் ஒவ்வொரு துணிக்கும் பெண்கள் ஒரு பேர் வைப்பார்களாம். பேர் வாங்காத துணி விற்காது. இந்தத் துணியின் பேர் 'சாவி என்னிடம்'. புது மருமகள் இதை உடுத்திக்கொண்டு மாமியார் முன்னால் ஒரு முறை நடந்தால் போதும், வாயைத் திறந்து எதையும் கேட்க வேண்டியதில்லை என்றார். இப்படி ஒரு துணி ஈரோட்டில் விற்குமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பி, மெஷினைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டார்.

பெல்ட் இடது ஓரத்தில் தேய்ந்திருக்கிறது என்றேன். ஒன்றே ஒன்றுதான் சொல்ல நினைத்தேன். மூன்றாவது ஸ்கிரீன் இறங்கும்போது கிறீச்சென்கிறது என்றேன். ஆறாவது எழும்போது ஒரு கணம் பிந்துகிறது. நிற்கும்போது உடம்பு ஆடுகிறது. அடியில் எண்ணெய் ஒழுகுகிறது. புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், துருவை மறைக்கத்தானே அடிப்பார்கள்? மோட்டாருக்கு ஸ்பேர் கிடைக்குமா என்றே சந்தேகம். மெஷினைச் சுற்றி நடந்துகொண்டே சொன்னேன். மேனேஜரின் சிவப்பு, கழுத்தில் இருந்து காதுவரை ஏறிவிட்டது.

"அண்ணை, காணும், நிப்பாட்டுங்கோ" என்றான் தவராசா தாழ்ந்த குரலில்.

என் வாய் நிற்கவில்லை. கால் நான்கும் ஒரே மட்டத்தில் இல்லை என்றும் சொல்லிவிட்டேன்.

அஜோவா அம்மையார் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். மெஷின் இப்படி இருந்தால் என் துணி எப்படி இருக்கும் என்று மேனேஜரைக் கேட்டார். தவராசா கை சுவிட்சில் இருந்தது. மெஷின் நின்றது. அவன் என்னைப் பார்க்கவில்லை, துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.  அவர் எழுந்து போய்விட்டால் ஆர்டர் போய்விடும். அவனும் போய்விடுவான், அவன் குடும்பம் கொழும்பு லொட்ஜிலேயே இருக்கும்.

மெஷினைப் புகழ்ந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வாங்க வந்த இடத்தில் புகழ்ந்து எனக்குப் பழக்கமில்லை. மிகவும் முயற்சி செய்து, "மெஷின் பரவாயில்லை" என்றேன். எங்கள் தொழிலில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது. இங்கிலீஷில் சொன்னபோது அது பாராட்டு மாதிரியே இல்லை.

அம்மையார் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். இவ்வளவுதானா, இன்னும் ஏதாவது குறை பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் மேனேஜரிடம் திரும்பிச் சொன்னதை நான் அப்படியே தருகிறேன்:

"என் சந்தையில் ஒரு பெண் வந்து ஒரு குறை சொன்னால் பொழுது போகாமல் வந்திருக்கிறாள். இவ்வளவு குறை சொன்னால் பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். இந்த மனிதர் இன்றைக்கே வாங்கிவிடுவார். நாளைக்கு என் சாவித் துணியை யார் அடிப்பது?"

மேனேஜர் நேர்மையானவர். சரியான விலை வந்தால் அதை ஏற்க வேண்டியிருக்கும் என்றார்.

அம்மையார் என்னைப் பார்த்து, "சொல்லுங்கள், வாங்குகிறீர்களா?" என்றார்.

விலை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. பழனிசாமியோடு பேசி முடித்த விலை. மெஷின் எதிரே இருந்தது. எட்டு ஸ்கிரீனும் தூக்கிய நிலையில் நின்றிருந்தன. அதற்குப் பக்கத்தில் தவராசா, துடைத்த கையையே மறுபடி துடைத்துக்கொண்டு நின்றான்.  

"ஊருக்குப் போய் மச்சானைக் கலந்துகொண்டு சொல்கிறேன்" என்றேன்.

அம்மையார் அதை நம்பவில்லை. வாங்குவதற்கு முன்னால் கடைசியாக எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார். சாவியின் பல் மழுங்கியிருக்கிறது. நீலம் சோகையாக இருக்கிறது. விரிசல்கள் பொய்யான விரிசல்கள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். துணி முகர்ந்தால் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறது. மேனேஜர் ஒவ்வொரு குறையையும் உண்மை என்று நம்பி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் சந்தைப் பக்கமே போயிருக்க மாட்டார். மன்னிப்பெல்லாம் முடிந்ததும் அம்மையார், போன தடவையைவிடப் பெரிய ஆர்டராகக் கொடுத்தார்.

மேனேஜர் என்னைத் தனியாக அழைத்துப் போய், மிகவும் வருந்துகிறேன், மெஷின் இனி விற்பனைக்கு இல்லை என்றார். எங்களுக்கு நஷ்டம்தான் என்றேன். அந்தத் தொழிற்சாலையில் நான் விலைக்காக இல்லாமல் சொன்ன ஒரே வார்த்தை அது.

மதியம் ஷிப்ட் முடிந்து தவராசா வெளியே வந்தான். இருவரும் ஓடைக்கரை வழியாக நடந்தோம். 

"விலை சொல்லத்தானே வந்தனீங்கள் அண்ணை? என்ரை உசிர் போயிட்டுது."

"ஆமா. சொல்லத்தான் வந்தேன்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"மச்சானைக் கேக்கணுமில்லப்பா."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு ஓடையைப் பார்த்தான். "ஓம் அண்ணை. கேக்கத்தான் வேணும்" என்றான்.

மெஷின் கிடைக்காதது எனக்கு வருத்தம்தான். இன்றைக்கும் வருத்தம்தான். ஆனால் நடக்க நன்றாக இருந்தது.

தெரு முனையில் ஒரு போன் கூண்டு. அவன் சட்டைப் பையில் இருந்து பச்சை நிறப் போன் கார்டு ஒன்றை எடுத்துச் சொருகினான். லொட்ஜில் யாரோ எடுத்து, மாடிக்குப் போய் ஆளைக் கூப்பிட்டு வருவதற்குள் கார்டில் பாதி கரைந்துவிட்டது. "பவானி, நான்தான். மெஷின் இஞ்சையே நிக்குது, விக்கேல்லை. ஓம். வேலை இருக்கு. எழுதித் தாறன் எண்டு மனேச்சர் சொன்னவர். நாளைக்கே அனுப்புறன்." அவ்வளவுதான் சொன்னான்.  ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணையோடை கதையும்" என்று பாதி அதனிடமும் பாதி என்னிடமுமாகச் சொன்னான். வெளியே போய் எனக்கு முதுகு காட்டி நின்றான்.

"வணக்கம்மா" என்றேன்.

 பவானியின் குரல் வந்தது.

"அண்ணை, அவர் நேரத்துக்குச் சாப்பிடுறவரோ? சாப்பிடமாட்டார், எனக்குத் தெரியும். முழுகினால் தலை துவட்டமாட்டார். கடிதம் எண்டால் நாலு வரி, அதிலை மூண்டு வரி குளிரைப் பற்றி. ஒரு சாமான் வைச்ச இடத்திலை இராது. கலியாணத்தண்டைக்கே பிந்தி வந்த மனிசன் அண்ணை. கோவம் வந்தால் கதைக்காது, சந்தோசம் வந்தாலும் கதைக்காது. பிள்ளையளுக்கு ஒரு படம் அனுப்பச் சொல்லி எத்தினை தரம் எழுதிப்போட்டன், அனுப்பினது பஸ்ஸின்ரை படம். சேட்டுப் பொத்தான் விழுந்தால் விழுந்தபடி திரியிறது. சொன்னாலும் கேக்கிறேல்லை..."

நான் குறுக்கே பேசவில்லை. அவரும் நிறுத்தவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஏதோ ஒரு குறையின் நடுவில் லைன் அறுந்தது. ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"என்ன சொன்னவ அண்ணை?"

"உன்னைக் குறை சொன்னாங்க."

"எவ்வளவு?"

"கார்டு முடியற வரைக்கும்" என்றேன்.